இருபத்தோராவது கட்டு

மணி பதினொன்று ஆகியும் குழந்தை பாலுக்கு அழவில்லை.

தீர்த்தம்மாளுக்கு மணி பார்க்கக் கடிகாரம் வேண்டியதில்லை. மொரப்பூரில் நின்று கிளம்புகிற பாசஞ்சர் ரயிலின் சத்தம் வயல்களைத் தாண்டி நர்சரி வரைக்கும் வரும்; அது தேய்ந்து அடங்குவதற்குள் தூளியில் இருந்து முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு உதை, பிறகு ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு வீறல் கிளம்பும். ஐந்து மாதத்தில் ஒரு நாள் தப்பியதில்லை. இன்றைக்கு ரயில் போய்விட்டது. சத்தமும் அடங்கிவிட்டது. பந்தல் மேல் காய்ந்த தென்னங்கீற்று உரசிக்கொண்டிருந்தது, கிணற்றுக்குள் வாளி பாறையில் இடிபட்டது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவளுக்கோ மார்பு கட்டிக்கொண்டு ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, அந்த ஈரத்தில் மொய்க்க வந்த ஈயை ஓட்டக்கூட முடியாமல் இரண்டு கையும் வாழை நாரைப் பிடித்திருந்தன.

முடிச்சைப் போட்டுவிட்டு ஓடிப் போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். குப்பு தூங்கவில்லை. கண்ணைப் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு தலைக்கு மேலே இருந்த மந்தாரை இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. மடியில் போட்டு மார்பை வாயில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. கன்னத்தில் சொட்டின பால் காது வரைக்கும் வழிந்தது. அதை நக்கக்கூட நாக்கு வெளியே வரவில்லை.

"என்னடி கண்ணு, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். கேட்கும்போதே வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நிறையப் பால் குடித்த வயிறாகத்தான் இருந்தது, கல்லுமாதிரி. யார் கொடுத்தார்கள்?

பயம் அவளுக்குப் புதிதில்லை. முதல் பிள்ளை இருபத்து மூன்று நாள். இரண்டாவது நாலு மாதம், ஒரே ராத்திரிக் காய்ச்சல். மூன்றாவது பிறந்த அன்றைக்கே முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் வைத்து, குப்பையில் கிடந்ததை எடுத்து வந்ததாகப் பேச்சுக்குச் சொல்லி, குப்பு என்றே பேர் வைத்தார்கள். அப்படி வைத்தால் சாவுக்குக்கூட அதன் மேல் ஆசை வராதாம். புருஷன் முனிராஜ் ஏரியூர்ப் பக்கம் கல் உடைக்கிற வேலைக்குப் போகும்போது பஸ் ஏறுகிற இடத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "இதையும் மண்ணுல வெச்சிட்டு வந்து எம் முன்னால நிக்காதடி." அவன் கெட்டவன் இல்லை. ஆனால் சொன்னான்.

ஹயாத் பாஷாவின் நர்சரி ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன இடம். அந்த எண்பத்து மூன்றாம் வருஷம் ஓசூர்ப் பக்கம் புதிதாக எழும்புகிற ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் மாளிகை முன்னால் வரிசையாக வைக்க இருபது வெள்ளை மந்தாரை வேண்டும் என்று ஒரு என்ஜினியர் கேட்டிருந்தார். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. விதை போட்டால் நிறம் கலந்துவிடும் என்பதால், கிணற்றடியில் நின்ற ஒற்றை வெள்ளை மந்தாரையைச் சுற்றி மூங்கில் பரண் கட்டி, காட்டு மந்தாரைக் கன்றுகளைச் சட்டியோடு அதில் ஏற்றி, ஒவ்வொரு கன்றையும் தாய் மரத்தின் ஒவ்வொரு கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கன்றில் ஒரு சீவல், கிளையில் ஒரு சீவல். இரண்டு பச்சைக் காயத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி ஈர வாழை நாரால் இறுக்கினால் மூன்று மாதத்தில் இரண்டும் ஒரே உடம்பு. அப்புறம் கன்றின் சொந்தத் தலையைக் கிள்ளிவிட்டு, தாய்க் கிளையை அறுத்துவிட வேண்டியது. ஒரே வெட்டில் அறுத்தால் கன்று வாடிவிடும். கால்வாசி, அரைவாசி, பிறகு முழுசாக என்று நாள் விட்டு அறுப்பார்கள். அதற்கு அங்கே பேர் பால் மறக்கடிப்பது. இருபதும் கட்டி மூன்று மாதம் நிறையப்போகிறது.

பதினைந்து வருஷமாக அந்த வேலை செய்கிற கை தீர்த்தம்மாளுடையது. அவள் கட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும். பாஷாவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு நல்ல வார்த்தை வராது அந்த மனுஷன் வாயில். மந்தாரைக்கு அடியில் மண்ணை ஏற்றிக் குவிக்காதே, தண்டு அழுகும், வேர் மேலாகவே ஓடுகிறது, மண்வெட்டி போடாதே, வைக்கோலைப் பரப்பு, பட்டையில் காயம் பண்ணாதே, புழு ஏறும். நாள் முழுக்க இதே கத்தல். மழை பொய்த்து இரண்டு வருஷம். நர்சரியில் உள்ள மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு நின்றபோது அந்த மந்தாரை ஒன்றில்தான் நிழல் இருந்தது. அதனால் தூளியை அதில் கட்டினாள். அதற்கும் முந்தாநாள் கத்தினார்.

"ஏம்மா தீர்த்தம்மா, தூளிய ஆட்டாத! ஒட்டு அசஞ்சா பிடிக்காதுன்னு ஒனக்கு நான் சொல்லித் தரணுமா? ஆட்டித்தான் ஆவணும்னா புள்ளைய வூட்லயே வுட்டுட்டு வா."

வீட்டில் யாரிடம் விடுவது? அழுகையை அடக்கிக்கொண்டு, தூளி அசையாமல் இருக்க அதைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்து ஈர வாழை நாரால் நாலு சுற்றுச் சுற்றினாள். கை தன் பழக்கத்தில் ஒட்டு முடிச்சையே போட்டது. ஒரு கன்று கூடுதலாக இருக்கட்டும் என்று அந்தக் கிளையில் காலையில்தான் சீவியிருந்தாள். கன்று முறிந்துபோனதால் சீவின இடம் பச்சையாகக் கிடந்தது. குப்புவின் கால் தூளி ஓரத்தில் வெளியே வந்து சரியாக அதன் மேல் கிடந்தது. கணுக்காலில் கட்டின கருப்புக் கயிறு உரசி உரசி, சுற்றிலும் தோல் வழன்று புண்ணாக இருந்தது. பச்சை மரம் பட்டால் புண்ணுக்குக் குளிர்ச்சிதானே என்று காலை உள்ளே எடுத்து விடாமல் விட்டுவிட்டாள்.

அதை அன்றைக்கு ஒரு தப்பாக அவள் நினைக்கவில்லை.

மறுநாளும் குப்பு அழவில்லை. அதற்கு மறுநாளும். கட்டிக்கொண்ட பாலை வலி பொறுக்காமல் பீய்ச்ச வேண்டியிருந்தது. தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் விட்டால் எறும்பு மொய்க்கும், ஆள் மிதிப்பார்கள், பால் வற்றிப்போகும். மரத்தடியில்தான் விட வேண்டும். அதுதான் அங்கே எல்லாரும் செய்வது. மந்தாரையின் தூரில் வைக்கோலை விலக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பீய்ச்சினாள். காய்ந்து வெடித்த மண் அதை ஒரு நொடியில் இழுத்துக்கொண்டது. ஈரத்தின் தடம்கூட நிற்கவில்லை.

"குடுத்து வெச்சவ புள்ள நீ" என்றாள் கூட வேலை செய்கிற நஞ்சம்மாள். "எம் பேரன் இருக்கறானே, கத்திக் கத்தியே உசுர வாங்கறான். இதப் பாரு, சத்தமே இல்ல. எப்படிக் கொழுகொழுன்னு இருக்குது!"

"பால் குடிக்க மாட்டேங்குது அக்கா. ஆறு நாளாச்சு."

"குடிக்காமயா இந்தச் சதை? போடி இவளே" என்று சிரித்தாள் நஞ்சம்மாள்.

சனிக்கிழமை ஊருக்கு வந்த தெரசா நர்சம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். தராசில் போட்டுப் பார்த்தாள் நர்சம்மா. "எட்டு கிலோ. அஞ்சு மாசத்துக்கு நல்ல வெயிட்டு. என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க."

நர்சம்மாவும் சிரித்துவிட்டாள். ஊரே சிரிக்கிறது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர்கள் யாரும் குழந்தையை முகர்ந்து பார்க்கவில்லை. குப்புவின் வாயில் புளித்த பால் வாசனை இல்லை. கிள்ளின தளிர் வாசனை. கோவணத் துணியில் மஞ்சளாக ஒன்றும் இல்லை. நிறமில்லாத தண்ணீர், அதிலும் அதே வாசனை. இன்னொன்றையும் அவர்கள் பார்க்கவில்லை. மந்தாரை இலை மாட்டுக் குளம்பு போல இரண்டு பாதியாக இருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் அந்த இரண்டு பாதியும் மெல்ல மடங்கி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பதினைந்து வருஷமாக அவள் பார்க்கிற காட்சி, இலை மடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இந்த வாரம் மரத்துக்கு முதுகைக் காட்டித் தூளிக்கு முன்னால் நின்று பார்த்தாள். குப்புவின் கை விரல்கள் சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு கண் இமை. இரண்டும் ஒரே நேரத்தில், அவசரமே இல்லாமல். திரும்பி மரத்தைப் பார்த்தாள். கடைசி இலை அப்போதுதான் மடங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காலையில் குப்பு நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குக் கழுத்து தொய்ந்தது. பத்து மணிக்கு உதடு வறண்டு வெடித்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. வீட்டுத் தகரக் கூரை அனலைக் கொட்டியது. மார்பைக் கொடுத்தாள், சங்கில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், வாயைத் திறக்கவே முடியவில்லை. அழவும் இல்லை அது. அழுதிருந்தால்கூட தேவலை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் காலை அதில் வைத்தாள். குப்புவின் கால் விரல்கள் விரிந்தன. ஒன்றுக்கொன்று விலகி, தட்டின் அடியைத் தேடுகிற மாதிரி விரிந்தன. அவள் துணி எடுக்கத் திரும்பிவிட்டு வந்து பார்த்தபோது தட்டில் தண்ணீர் பாதிதான் இருந்தது. சிந்தவில்லை. தரை காய்ந்து கிடந்தது.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கத்தான் கிளம்பினாள். அப்படித்தான் நினைத்தாள். கால்கள் நர்சரிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. உச்சி வெயில். ஆள் இல்லை. கிணற்றில் இருந்து அழுகின பாசி நாற்றம். காற்று கொஞ்சமும் இல்லை, ஆனால் மரத்தின் ஒரே ஒரு கிளை, தூளி கட்டின கிளை, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்டி, வேண்டாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு குழந்தையைத் தூளியில் போட்டாள்.

அரை மணி நேரம். கன்னம் நிரம்பியது. உதடு ஈரமானது. வயிறு எழும்பியது. கண் திறந்தது. அவளைப் பார்க்கவில்லை, மேலே இலையைப் பார்த்தது. அவள் மண்டியிட்டுத் தூளியை விலக்கி அந்தக் காலைப் பார்த்தாள்.

கணுக்கால் கிளை மேல் கிடக்கவில்லை. கிளைக்குள் இருந்தது. சீவின இடத்தைச் சுற்றி மரப்பட்டை தடித்து, உதடு போல எழும்பி, கருப்புக் கயிற்றையும் புண்ணையும் சேர்த்துக் கவ்வியிருந்தது. இந்தத் தடிப்பை அவள் ஆயிரம் கன்றில் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள். கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது வழக்கம். உள்ளே அசைவு இல்லையென்றால் ஒட்டுப் பிடித்துவிட்டது. விரல் தானாகப் போய் அழுத்தியது. அசைவு இல்லை.

பொழுது சாய்ந்து இலை மடங்கினபோது அந்த உதடு தளர்ந்து, ஈரமாக ஒரு சத்தத்தோடு காலை விட்டது. அதுவரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் சாயங்காலம் தூளியில் இருந்து தூக்கும்போது அந்தச் சத்தம் கேட்டதுதான். ஈரத் துணி என்று நினைத்தாள். அட கடவுளே, ஈரத் துணி என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை பாஷா பரணைச் சுற்றி வந்து கட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இருவதுதானே கட்டச் சொன்னேன்? இருவத்தோரு கட்டு இருக்குது. எல்லாமே பிடிச்சிருக்குது." அவர் கை தூளிக் கிளையின் நார் மேல் இருந்தது. குழந்தையை அவர் பார்க்கவே இல்லை. "பால் மறக்கடிச்சு எறக்கு. வெள்ளிக்கெழம மரத்த வெட்டறோம். கெணறு ஆழப்படுத்த ஆளு வருது, கிரேன் நிறுத்த எடம் இந்த ஒண்ணுதான்."

"பாய், வேணாம் பாய். மரத்த இன்னும் கொஞ்ச நாளு..."

"கொஞ்ச நாளு வெச்சிருந்து? தண்ணிக்கு நீ வரியா?"

"வெள்ளிக்கெழம வரைக்குமாவது பொறுங்க பாய். அதுக்கு முன்னால வெட்டிடாதீங்க."

"அதத்தானே நானும் சொன்னேன்!" என்று கத்திவிட்டுப் போனார்.

யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். தூளியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வேறு எங்காவது ஓடலாம். ஓடினால் நண்பகலுக்குள் குழந்தை வாடும். மரத்தோடு விட்டால் வெள்ளிக்கிழமை மரத்தோடு போகும். தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது அவளுக்கு. செவ்வாய்க்கிழமை காலை ஒட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டி, தூளி கட்டின இடத்துக்குக் கீழே தாய்க் கிளையில் கால்வாசி அறுத்தாள். குப்புவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில், வாயில் வைத்த மார்பை உதடு லேசாகத் தொட்டது. புதன்கிழமை பாதிவரைக்கும் அறுத்தாள். ராத்திரி நாலு வாய் குடித்தது. எண்ணினாள். நாலு வாய். உட்கார்ந்து அழுதாள் தீர்த்தம்மாள்.

மரத்துக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அப்படித்தான் பட்டது. வியாழக்கிழமை காலை அவள் படலைத் திறந்ததும் மரம் முழுக்க வெள்ளைப் பூ. முந்தின நாள் ஒரு மொட்டுகூட இல்லாத மரம். நஞ்சம்மாள் கன்னத்தில் கை வைத்து நின்றாள். "தண்ணியே இல்லாத காலத்துல இத்தினி பூவா?" வாசனை தொண்டையை அடைத்தது. மந்தாரைப் பூவுக்கு அவ்வளவு வாசனை கிடையாது. அது பூ வாசனையே இல்லை. பால் வாசனை. அவளுடைய பால்.

"பிடுங்கித் தின்னியா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் பாலைத் தின்னு எம் புள்ளைக்கே ஊட்டறியா நீ? இரு."

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். குழந்தையைத் தூளியில் இருந்து பாதி தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள். கால் மட்டும் கிளையில். கத்தியை அறுத்த இடத்திலேயே வைத்தாள். கடைசிப் பாதி. குப்புவின் முகத்தை அவள் பார்க்கவில்லை; கண் கத்தியிலேயே இருந்தது. அழுத்தினாள். நார் நாராக விட்டது. வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். முறிந்தது.

அழுகை.

வீலென்று ஒரு அழுகை. அதே வீறல், ஊரைக் கூட்டுகிற வீறல், பத்துப் பதினைந்து நாளாக அவள் காதில் விழாத அந்தச் சத்தம். "அழுதுட்டா! எங் கண்ணு அழுதுட்டா!" என்று கூவிக்கொண்டு, கணுக்காலைக் கவ்வின பட்டையைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து வீசிவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படலைத் தாண்டி ஓடினாள். ஓடுகிற வழியெல்லாம் அழுகை பின்னால் தேய்ந்துகொண்டே வந்து நின்றது. குழந்தை சமாதானமாகிவிட்டது என்று நினைத்தாள்.

வீட்டில் குப்பு பால் குடித்தது. நாலு வாய் இல்லை, வயிறு நிறைய. தகரக் கூரைக்குக் கீழே வாடவே இல்லை. தீர்த்தம்மாள் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். முனிராஜுக்கு ஒரு கார்டு எழுதச் சொல்ல வேண்டும், பிள்ளை நன்றாக இருக்கிறது என்று. இத்தனை நாள் கழித்து அவள் சோறு தின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வேலைக்குப் போகவில்லை. பார்க்கப் போனாள். அந்தச் சனியன் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவளுக்கு.

வழியில் சின்னதாக ஒன்று உறுத்தியது. குழந்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் பால் குடிக்கும்போதும் பார்க்கவில்லை. வாய் மட்டும் இழுத்தது, நிறுத்தாமல், ஒரே சீராக. இடுப்பை மாற்றினாள். குழந்தையின் தலை மெல்லத் திரும்பி மறுபடி வெயிலைப் பார்த்தது. கண் கூசவில்லை. "குப்பு" என்று கூப்பிட்டாள். பேருக்குத் திரும்பவில்லை.

நர்சரியில் இருபது சட்டியையும் இறக்கிப் பந்தலுக்கடியில் வரிசையாக வைத்திருந்தார்கள். பரணைப் பிரித்துவிட்டார்கள். மரம் தனியாக நின்றது. ஒரு பூ மிச்சமில்லை. எல்லாம் தரையில் பழுப்பாகிக் கிடந்தன. மாதையன் என்ற மரம் வெட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். பாஷா அவளைப் பார்த்ததும், "என்னம்மா, மரத்த வெட்டாதன்னு இப்பவும் அழுவப் போறியா?" என்றார்.

"வெட்டுங்க பாய். வேரோட வெட்டுங்க."

"அப்படிச் சொல்லு" என்றார். இருபது கன்றையும் கையால் காட்டினார். "பாரு, ஒண்ணுகூட வாடல. வேரு காட்டு மந்தாரையோடது, தலை இந்தத் தாயோடது. இனிமே இது பழைய கன்னு இல்ல. பூத்துச்சுன்னா வெள்ளையாத்தான் பூக்கும்."

அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அவள் கை செய்தது அதைத்தான். ஒட்டுக் கட்டினது எதுவும் கட்டுவதற்கு முன்னால் இருந்த மாதிரி பிரிந்ததே இல்லை. வேர் ஒன்றினுடையது. தலை இன்னொன்றினுடையது. கன்றின் சொந்தத் தலை தாயின் பக்கத்திலேயே கழிந்துவிடும்.

நேற்று அழுதது யார்?

அவள் முகத்தைப் பார்க்கவில்லையே. கத்தியைத்தானே பார்த்தாள். ஓட ஓட அழுகை பின்னால் தேய்ந்தது. மடியில் இருந்த குழந்தையின் அழுகை எப்படிப் பின்னால் தேயும்?

"மாதையா, கெணத்துப் பக்கம் சாயாம பாத்துக்க" என்றார் பாஷா.

"நிறுத்துங்க" என்றாள். குரல் வரவில்லை. "நிறுத்துங்க பாய்..."

கோடாலி இறங்கியது.

வீல்.

அடிமரத்தில் இருந்து. பட்டைக்கு உள்ளே இருந்து. மூச்சு அடைத்து, விக்கி, மறுபடி எடுத்து, பாலுக்கு அழுகிற அழுகை. ஐந்து மாதம் அவள் எழுந்து ஓடின அழுகை. அவள் மார்பு இரண்டும் கேட்ட மாத்திரத்தில் சுரந்து ரவிக்கையை நனைத்து வயிறு வரைக்கும் வழிந்தது. "எம் புள்ள! அதுக்குள்ள எம் புள்ள!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். நஞ்சம்மாள் பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். "மரம் விழுவுற எடத்துல போறியே, புத்தி கெட்டவளே!"

மாதையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

"கொழந்த அழுவுது பாரும்மா" என்றான். "அந்தாண்ட போயி ஒரு வாய் பால் குடு, அடங்கிடும்."

அவள் இடுப்பில் இருந்ததன் வாய் மூடியிருந்தது. அது வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகை ஏற ஏற, அதன் விரல்கள் சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விரிந்தன. மாதையன் கோடாலியைத் தலைக்கு மேலே ஓங்கினான்.